பொருள் எண் ஏழு

நகர மன்றத்தில் குறிப்பெடுப்பது என் வேலை.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
பச்சை விளக்கு, மஞ்சள், பிறகு சிவப்பு.
போர்ட் கில்மரில் அன்று மைனஸ் பத்தொன்பது.
கழற்றி மாட்டிய கோட்டுகளிலிருந்து
உருகிய பனி நாற்காலிகளுக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது.

பொருள் எண் ஆறு: சாலைக் குழிகள்.
பேச வந்தவர்கள் இருவர்.
பொருள் எண் ஏழு:
மேபல், ஜூனிபர் என்னும் இரு யானைகளைத்
தெற்கே அனுப்புவது குறித்து.
வாசல்வரை நின்றார்கள்.

மோட்டல் நடத்தும் ஹார்லன் டீட்ஸ் சொன்னார்:
உருக்காலை போயிற்று. ஏரிப் படகு போயிற்று.
யானையும் போய்விட்டால்
எவன் இந்த ஊரில் ஓர் இரவு தங்குவான்?
கைதட்டல் என்று எழுதினேன்.

சரணாலயத்து வழக்கறிஞர்
இரண்டாயிரம் ஏக்கர் என்றார், இரண்டு குளம் என்றார்,
வெயில் விழும் புல்வெளியைத் திரையில் காட்டினார்.
பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:
எனக்கும் அங்கே இடம் கிடைக்குமா?
சிரிப்பு என்று எழுதினேன்.

ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் க்ளியோத்தா பேங்க்ஸ்
மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டார்.
"மூன்றாம் வகுப்பில் பால் டப்பாவில் காசு சேர்த்து
மேபலை வாங்கியது நாங்கள்.
என் பங்கு பதினோரு சென்ட்.
அவள் வந்திறங்கிய ஞாயிற்றுக்கிழமை
வெள்ளைக்காரப் பிள்ளைகள் போய்ப் பார்த்தார்கள்.
எங்கள் பள்ளிக்குத் திங்கள் என்றார்கள்.
டப்பாவுக்குள் போன காசில் மட்டும் நிறம் பார்க்கவில்லை."
சிவப்பு எரிந்தது. அவர் நகரவில்லை.
"அனுப்பச் சொல்கிறேனா, வேண்டாம் என்கிறேனா,
எனக்கே தெரியவில்லை.
இந்தத் தடவை என்னைக் கேட்டார்கள் என்று இருக்கட்டும்."

என் தாளில் இரண்டே பத்திகள்:
ஆதரவு, எதிர்ப்பு.
நடுக்கோட்டின் மேலேயே அவர் பெயரை எழுதினேன்.

கடைசியில் பராமரிப்பாளர் ட்வைட் கோவால்ச்சிக்.
மேசைமேல் ஓர் அரத்தை வைத்தார்,
பல் முழுக்கத் தேய்ந்தது.
"நகம் அராவுவது. இந்த வருஷத்தில் நாலாவது.
சிமெண்டில் நின்று நின்று பாதம் வெடிக்கிறது.
குளிர்காலம் ஏழு மாதம்."
அவ்வளவுதான். ஒன்றேகால் நிமிடம் மிச்சம்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பது
இங்கே யாரும் பழமொழியாகச் சொல்வதில்லை.
போன ஜனவரியில் ஓபல் விழுந்தது
கொட்டகைக் கதவுக்கு நாலடி முன்னால்.
தூக்க வந்த கிரேன் பனியில் மாட்டிக்கொண்டது.

உறுப்பினர் ஒருவர் கேட்டார்:
அவை போய்விட்டால் உங்கள் வேலை?
"இருக்காது."
இருக்காது என்று எழுதினேன்.

ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர்.
நான்கு கை.
எதிர்ப்பவர்கள்?
நான்கு கை.
தலைவரின் கை தண்ணீர்க் குவளையைப் பிடித்திருந்தது.
மார்ச்சுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

எல்லாரும் போன பிறகு
அரம் மேசையிலேயே கிடந்தது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொண்டுபோனேன்.
இந்த ஊரிலேயே பிறந்தவள்,
முப்பது வருஷமாக உள்ளே போனதில்லை.
ஹீட்டர் இரைச்சல், ஈர வைக்கோல், அமோனியா.
இரண்டு பிடிகளும் ஒரே மூலையில்,
ஓபலின் இடத்தை விட்டுவிட்டு.

கம்பிக்கு வெளியே ஒரு கை நீண்டது.
துதிக்கை என்று பெயர் வைத்தது யாரோ,
அது எதையும் துதிக்கவில்லை.
என் கோட்டுப் பையைத் துழாவியது,
இருமல் மிட்டாயை எடுத்து, முகர்ந்து,
பிடிக்காமல் கீழே போட்டது.
யாரிடமும் எதுவும் கேட்கும் தோரணை இல்லை.

கோவால்ச்சிக் அரத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.
"இனி இது ஆகாது," என்றார்.
ஆனாலும் எறியவில்லை. சுவரில் ஏற்கெனவே மூன்று தொங்கின,
பக்கத்தில் மாட்டினார்.
ஐந்தாவது ஆணியும் அடித்து வைத்திருந்தார்.